'கெட் பேக்': விடுபட்ட பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் ஆங்கிலப் பாடப் பகுதியில் 'கெட் பேக்' என்பதற்கு 'திரும்பப் பெறுதல்' என்று ஒரே அர்த்தம் போட்டிருந்தீர்கள். 31 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். அந்த அர்த்தத்தை நம்பி எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மோதகம் அவித்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு ஆச்சி யாழ்ப்பாண வடகரையில் இருக்கும் மயிலிட்டிக்காரி. 1990 ஆனியில் சண்டைக்குப் பயந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர், இன்னும் வாடகை வீடுதான். அவரது காணி இராணுவத்திடமிருந்து விடுபடவில்லை. அதற்காக ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் மனுப் போட்டார். பதில் மின்னஞ்சலில், ஆங்கிலத்தில், ஒற்றை வரியாக வந்தது: 'வீ வில் கெட் பேக் டு யூ.' (தமிழ் 1987இலேயே அரசகரும மொழியாகிவிட்டது. அது வேறு கதை.) சாதாரண தரம் படிக்கும் பேரன் உங்கள் பேப்பரைப் பக்கத்தில் விரித்து வைத்து, "காணியைத் திரும்ப எடுத்துத் தருவினமாம் அம்மம்மா" என்று வாசித்துவிட்டான்.

பின்னேரம் நாலரைக்கு ஆச்சி மோதகத் தட்டோடு படலையைத் திறந்தார்.

"ரீச்சர், காணி வருதாம்."

போனை வாங்கி இரண்டு தரம் வாசித்தேன். அந்த வரியில் காணியே இல்லை. திரும்பக் கிடைப்பதென்றால் கிடைக்கும் பொருள் வசனத்தில் நிற்க வேண்டும்: 'கெட் மை லாண்ட் பேக்.' காணியை 'இட்' என்று சுருக்கினால் அது நடுவில்தான் இருக்கும்: 'கெட் இட் பேக்.' பொருளே இல்லாவிட்டால் ஆள் திரும்பி வருவது. "கொழும்பாலை எப்ப வந்தனீங்கள்?" என்று நாங்கள் கேட்பதை அவர்கள் 'வென் டிட் யூ கெட் பேக்' என்பார்கள். ஆளைக் காட்டி 'டு யூ' என்று முடித்தால் 'பிறகு பதில் சொல்லுறம்', அவ்வளவுதான். எப்போது என்பதுகூட அதில் இல்லை. 'டு' இருந்த இடத்தில் 'அட்' வந்தால் பழிவாங்கல். அதை ஆச்சிக்குச் சொல்லவில்லை.

பொடியனில் பிழை சொல்ல மாட்டேன். பேப்பரில் இருந்ததைத்தான் அவன் வாசித்தான். ஆச்சிக்கு விளங்கப்படுத்த முதல் நானும் ஒரு மோதகம் தின்றுவிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த ஞாயிறு மிச்ச அர்த்தங்களையும் உதாரணத்தோடு போடுங்கள். 'டு யூ'வை முதலில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
இணுவில்.