படிவம் 4 மட்டும் போதாது: உறுப்பு மாற்று அங்கீகாரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலிருந்து வெளிவந்த சிறுநீரக விற்பனைச் செய்திகளை நீங்கள் அறிவீர்கள். அதன்பின் தரகர்கள் பற்றியும் போலி ஆவணங்கள் பற்றியும் நிறையப் பேசியாயிற்று. சிறுநீரகம் கொடுத்தவரின் உடலை எப்படிச் சோதித்தார்கள் என்ற கேள்வி மட்டும் ஓரத்திலேயே நிற்கிறது.

உங்கள் மேசைக்கு வரும் படிவம் 4, கொடையாளர் உடல் தகுதி உள்ளவர் என்று சான்றளிக்கிறது. எந்த அளவுகளை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது அதில் இல்லை. அந்த அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், மெலிந்த விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் ரத்தத்தில் 0.7 மி.கி./டெ.லி. என்று வரும். பார்க்க நல்ல எண்தான். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய உடலில், சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தாலும் அது குறைவாகவே இருக்கும். அதை வைத்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற வடிதிறன் மதிப்பீடு, உண்மையைவிட அதிகமாகக் காட்டும். சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் டிடிபிஏ ஸ்கேன் போன்ற முறையில் வடிதிறனை நேரடியாக அளந்தால் நிலவரம் தெரியும். இடது சிறுநீரகத்தின் பங்கு எவ்வளவு, வலதின் பங்கு எவ்வளவு என்பதும் அந்த ஸ்கேனிலேயே தெரியும். இரண்டில் நன்றாக வேலை செய்வது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும்.

சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனையும் அப்படித்தான். முதல் நாள் காலைச் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை அத்தனையையும் சேர்க்க வேண்டும். தறிக்கூடத்துக்குக் கேனைத் தூக்கிச் செல்ல முடியாதவர் ஷிஃப்டில் கழித்தது கணக்கில் வராது. புரதம் குறைவாகத் தெரியும், ‘நார்மல்’ என்று எழுதிவிடுவார்கள். கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக நல அமைப்பின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி வடிதிறன் நிமிடத்துக்கு 90 மி.லி.க்குக் (1.73 ச.மீ. உடற்பரப்புக்கு) குறையாமல் இருந்தால் ஏற்கலாம், 60-க்குக் கீழே என்றால் கூடாது. சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம் நாளுக்கு 30 மி.கி.க்குள் இருந்தால் ஏற்கலாம், 100-ஐத் தாண்டினால் கூடாது. இடைப்பட்டவர்களை ஒவ்வொருவராக எடைபோட வேண்டும். எண்ணே இல்லாத தாளை வைத்து எதை எடைபோடுவீர்கள்?

கொடுக்க முன்வருவோரில் தாய்மாரும் மனைவியருமே அதிகம். குடும்பத்தார் சூழ்ந்து நிற்க, ‘சம்மதமா?’ என்று கேட்டால் எந்தப் பெண் மறுப்பாள்? அறுவை முடிந்தபின் பெற்றவருக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. தையல் பிரித்த பிறகு கொடுத்தவரைத் தேடுவார் இல்லை. ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீர் ஆல்புமின் பார்க்க மாவட்ட அரசு மருத்துவமனை போதும். அதைக்கூட இந்த ஏழைகளுக்கு யாரும் செய்து தரவில்லை என்பது எங்களைக் கொதிக்க வைக்கிறது.

மன்னியுங்கள், கோரிக்கைக்கே வருகிறோம். படிவத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. கூடவே ஒரு தாள் கேட்பது உங்களால் முடியும். அளந்த வடிதிறன், இடது வலது பங்கு, ஆல்புமின், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை அதில் இருக்கட்டும். பெறுபவருக்குச் சிகிச்சை அளிக்காத வேறொரு சிறுநீரக மருத்துவர் கொடுப்பவரிடம் தனியே பேசிவிட்டுக் கையெழுத்திடட்டும். தமிழில் ஒரு நகல் கொடையாளர் கைக்குப் போகட்டும். அந்தத் தாள் இல்லாத விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறுநீரகப் பிரிவுகளில் பணிபுரிவோர் சிலர்