சுங்கை சிப்புட் வட்டார பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நீரில் உடற்பயிற்சி சிகிச்சை வேண்டி மனு

அனுப்புநர்:
பார்க்கின்சன் நோயாளிகளின் குடும்பத்தார்,
சுங்கை சிப்புட் நகரமும் சுற்றுத் தோட்டங்களும்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பேராக் மாநில சுகாதார இலாகா, ஈப்போ.

பொருள்: வாரம் இருமுறை வெதுவெதுப்பான நீரில் உடற்பயிற்சி சிகிச்சை நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவை எழுதும் என்னுடைய தந்தையார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களைப் படிக்கவைத்தவர். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மெல்லிய சீவலாக எடுத்த அவருடைய கை, ஆறு ஆண்டுகளுக்கு முன் சட்டைப் பொத்தான் போடத் திணறத் தொடங்கியது; கையொப்பம் வரவர எறும்பளவாகச் சுருங்கியது. வயதாகிவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொண்டு காலம் கடத்தினோம். உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளை மூளையில் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் வரும் நோய் இது என்பதைப் பிறகே அறிந்தோம்.

டோபமின் குறையை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரையால் அவருடைய கைகால் இறுக்கம் தளர்ந்தது. ஆனால் உடலின் சமநிலை அந்த அளவுக்குத் தேறவில்லை. வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. தினமும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். அவரும் செய்தார், வீட்டுச் சிமெண்டுத் தரையில் இரண்டாம் முறை விழும்வரை. அதன்பின் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் நாற்காலியைவிட்டு எழவே தயங்குகிறார். அசையாததால் உடல் இறுக, இறுகியதால் அச்சம் மேலும் கூடுகிறது. எங்களில் பல வீடுகளில் இதே நிலைதான்.

இந்த அச்சத்தைத் தணிக்கும் இடம் நீர் என்பதே எங்கள் வேண்டுகோளின் அடிப்படை. இடுப்பளவு நீரில் நிற்பவருடைய கால்கள் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியையும், மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கையுமே தாங்குகின்றன. சாய்ந்தால் நீர் அவரை மெதுவாகவே சாயவிடுவதால், காலை எடுத்து வைத்து நிமிர்ந்துகொள்ள நேரம் கிடைக்கிறது. நீரின் எதிர்ப்பு தசைகளுக்கும் வேலை தருகிறது. இத்தகைய பயிற்சி சமநிலைக்கு உதவுவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அவை பெரும்பாலும் சிறிய குழுக்களிடம் நடத்தப்பட்டவை என்பதையும், பயிற்சியை நிறுத்தினால் பயன் குறையக்கூடும் என்பதையும் நாங்கள் அறிவோம். ஒருநாள் முகாமாக நடத்திப் படம் பிடித்துப் போவதால் பயனில்லை என்று சொல்வதும் அதனால்தான்.

ஈப்போவுக்கு இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நடக்கவே திணறும் ஒருவரை வாரம் இருமுறை பேருந்தில் ஏற்றி இறக்குவதென்றால், தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகும் பிள்ளை இரண்டு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும்.

புதிய குளம் கட்டித் தரும்படி நாங்கள் கேட்கவில்லை. நகராண்மைக் கழகத்துடன் பேசி, அருகிலுள்ள பொது நீச்சல் குளம் ஒன்றின் ஆழமற்ற பகுதியை வாரத்தில் இரண்டு முற்பகல்களில், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், ஒதுக்கித் தந்தால் போதும். குளிர்ந்த நீரில் தசை மேலும் இறுகும் என்பதால் வெப்பநிலை 30 பாகை செல்சியசுக்குக் குறையாதிருக்க வேண்டும். வெயில் ஏறிய நேரத்தைத் தேர்ந்தால் அதற்கு உதவியாக இருக்கும். காலை மாத்திரை நன்றாக வேலை செய்யும் வேளையும் பலருக்கு அதுவே.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் கூடாது என்று பணிவுடன் வலியுறுத்துகிறோம். முன்பு நன்றாக நீந்தியவர்கள்கூட இந்நோயால் அத்திறனை இழக்க நேரலாம். ஆகவே ஒருவரையும் தனியே நீரில் இறக்காமல், பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் உயிர்காப்பாளர் ஒருவரும் உடனிருக்க வேண்டும். கைப்பிடியுள்ள படிகளும் வழுக்காத தரையும் தேவை. நீரிலிருந்து ஏறியதும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம் என்பதால், உட்கார நிழலில் நாற்காலிகள் வேண்டும். குடும்பத்துக்கு ஒருவர் நீரில் இறங்கித் துணை நிற்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சுகாதார சேவையையும் பொழுதுபோக்கு வசதிகளையும் அணுகும் உரிமையைக் குறிப்பிடுகிறது. முதற்கட்டமாக ஆறு மாதம் நடத்தி, தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொருவரின் நடையையும் சமநிலையையும் அளந்து பார்த்துத் தாங்கள் முடிவெடுக்கலாம். நேரில் விளக்கம் தர எங்களில் மூவர் ஈப்போவுக்கு வர இயலும். வர வேண்டிய தேதியைத் தெரிவிக்கும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
குடும்பத்தார் சார்பில் மனுதாரர்