குளக்கட்டுப் பாதையில் நடப்பவர்களுக்கு வழி கேட்டு ஒரு மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

கிராம அலுவலர் ஊடாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: எமது குளக்கட்டுப் பாதையில் அதிவேகமாகச் சைக்கிள் ஓடுவதால் நடந்து செல்வோருக்கு ஏற்படும் ஆபத்து தொடர்பாக

மேற்படி விடயமாக எமது கிராம மக்கள் முன்னர் தந்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் வரவில்லை. அவற்றில் ஒன்று நடமாடும் சேவை நடந்த அன்று தங்கள் கையிலேயே தரப்பட்டது. தாங்கள் அதை முழுவதும் வாசித்து, ஓரத்தில் 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதி ஒப்பமிட்டதை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு அது எந்தக் கோவைக்குள் போனது என்று எங்களுக்குத் தெரியாது. ஆகவே மீண்டும் எழுதுகிறோம், இம்முறை கொஞ்சம் விரிவாக.

இடத்தை விளக்கத் தேவையில்லை. மேலதிகத் தண்ணீர் வழிகிற வான் பக்கம் மருதமரத்தடியில் வாகனத்தை விட்டுவிட்டு, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகான துருசடி வரைக்கும் தாங்களே கட்டால் நடந்து வந்திருக்கிறீர்கள். அந்த வளைவையும், வளைவில் மண்டிக்கிடக்கும் நாயுருவிப் பற்றையையும், எதிரே வருவது மனிதரா மாடா என்று கிட்டப் போனால்தான் தெரியும் என்பதையும் அன்று தாங்களே சொன்னீர்கள்.

1. கட்டு எங்களுக்குக் காற்று வாங்கப் போகிற இடமல்ல. அதுதான் ரோட்டு. பள்ளிக்கூடம், கிளினிக், சங்கக்கடை, கமநல சேவை நிலையம் எல்லாம் அந்தக் கரையில். கீழ்ப்பாதை மாரி தொடங்கினால் தண்ணீருக்குள் போய்விடும். 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது நாங்கள் பிள்ளைகளையும் சமைத்த பானையையும் தூக்கிக்கொண்டு நடந்ததும் இந்தக் கட்டால்தான். "வேறு பாதையால் போங்கோவன்" என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில்.

2. சைக்கிள் என்றால் எங்களுக்கு ஆகாது என்று யாரும் நினைக்கக்கூடாது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று களைத்து, கியூ.ஆர். அட்டையோடு அலைந்த காலத்தில் இந்த ஊரே சைக்கிளில்தான் ஓடியது. மீன் பெட்டி கட்டிய சைக்கிள், புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள், பின்னால் பேரப்பிள்ளையை இருத்திய சைக்கிள் என்று தினமும் கட்டால் வருகிறவை ஏராளம். அவற்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆளைக் கண்டால் காலை ஊன்றி நிற்பார்கள், இரண்டு கதை கதைத்துவிட்டுத்தான் போவார்கள்.

பிரச்சினை காலையிலும் பின்னேரத்திலும் கூட்டமாக வரும் கியர் சைக்கிள்காரரால். சிலர் எங்கள் பொடியள்தான். சிலர் ரவுணிலிருந்து வருகிறவர்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய நல்ல சைக்கிள்கள். ஆனால் மணி இல்லை, விளக்கு இல்லை. மணி பூட்டினால் பாரமாம். தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் போகிறவரின் பின்சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். கைப்பேசியில் ஸ்ட்ராவா என்று ஒரு செயலி இருக்கிறதாம். கட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு யார் குறைந்த நேரத்தில் போனார் என்று அது பட்டியல் போடும். முதலாவதாக வருகிறவருக்கு 'மலையின் ராஜா' என்று ஒரு பட்டமும் கிரீடமும் உண்டு. வன்னியில் மலை எங்கே இருக்கிறது என்று யாரும் அதைக் கேட்கவில்லைப் போலிருக்கிறது. அந்தக் கிரீடத்துக்காகத்தான் எங்கள் கிழவிகள் பற்றைக்குள் பாய வேண்டியிருக்கிறது.

3. ஐயா, இந்த மனுவில் தாங்கள் ஒன்றை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

இந்தக் கட்டால் நடப்பவர்கள் யார்? போர் முடிந்து 2010இல் முகாமிலிருந்து வந்து மீளக்குடியமர்ந்தபோது எங்கள் ஊரில் எத்தனை பேர் முழு உடம்போடு வந்தார்கள் என்பது தங்கள் செயலகத்துப் பதிவுகளிலேயே இருக்கிறது. செல் (எறிகணை) வெடித்த சத்தத்தில் காது போனவர்கள் இருக்கிறார்கள். மிதிவெடியில் கால் போய் ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கண் மட்டும் தெரிகிறவர்கள், உடம்புக்குள் இன்னும் செல்துண்டு கிடப்பதால் சட்டென்று திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மாதக் கிளினிக் இருக்கிறது. எல்லோரும் விடியவே வெளிக்கிட்டால்தான் நம்பர் எடுக்கலாம். சைக்கிள் கூட்டம் வருவதும் அதே நேரம்.

ஊன்றுகோல் பிடித்து நடப்பவர் எப்படி விலகுவார் என்று ஒருமுறை நின்று பாருங்கள். கட்டின் மேற்பரப்பு 12 அடி என்று வரைபடத்தில் இருக்கும். இரண்டு ஓரமும் கிரவல் அரித்து, உறுதியாகக் காலை வைக்கக்கூடியது நடு எட்டடிதான். ஓரத்துக்கு ஒதுங்கினால் கோலின் நுனி இளகிய கிரவலுக்குள் புதையும். கோலை இழுத்தெடுக்கும்போது உடம்பு சரியும். ஒரு பக்கம் அலைகரைக் கல்லு, மறுபக்கம் வயலுக்கு இறங்கும் சரிவு. ஆகவே அவர்கள் நடுவால்தான் நடப்பார்கள், நடுவால்தான் நடக்கவும் முடியும். அதற்குத்தான் "ரோட்டையே பிடிச்சுக்கொண்டு போறார்" என்று பேச்சு வாங்குகிறார்கள்.

மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் ஒரு விநாடியில் 8 மீற்றருக்கு மேல் வந்துவிடுவார். கிரவலில் பிரேக் பிடித்தால் சில்லு நிற்கும், சைக்கிள் நிற்காது. சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் நல்ல காது உள்ளவருக்கே பின்னால் வருவது கேட்காது. எங்களுக்குக் காட்டில் வாழ்ந்து பழக்கம். யானை வந்தால்கூடக் கொப்பு முறிகிற சத்தம் முன்னுக்கு வரும். இவர்கள் வருவது முதுகில் காற்றுப் பட்ட பிறகுதான் தெரிகிறது.

கடைசியாக விழுந்தவர் ஒரு அம்மா. கையில் கிளினிக் கொப்பியும், மருந்து போட்டுக் கொண்டுவர ஒரு துணிப்பையும். துருசடி வளைவில் பின்னால் வந்த சைக்கிளின் கைபிடி இடுப்பில் பட்டு, சரிவில் உருண்டு, வாய்க்கால் ஓரத்தில் கிடந்தார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஓடியவனும் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. கூடிநின்றவர்கள் அவனை ஏசியபோது அவன் அழுதுகொண்டு சொன்னது இதுதான்: "நான் சத்தம் போட்டனான் அண்ணை, அவ விலகேல்லை." பொய் சொல்லவில்லை. சத்தம் போட்டிருக்கிறான். 2009 மாசியிலிருந்து அந்த அம்மாவுக்கு இரண்டு காதும் கேளாது. அது அவனுக்கு எப்படித் தெரியும்? முதுகில் எழுதி ஒட்டிக்கொண்டா நடப்பது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவர் சைகையால் கேட்டது, பொடியனுக்கு எப்படி இருக்கிறது என்று. தண்டிக்கச் சொல்லவில்லை, நட்டஈடு கேட்கவில்லை. அவர் இப்போது நடப்பதில்லை. கிளினிக்குக்குப் போக ஒவ்வொரு மாதமும் ஆட்டோ பிடிக்க வேண்டும். அரசாங்கம் தருகிற அஸ்வெசும உதவிப்பணத்தை வைத்துப் பிழைக்கிற வீட்டில் ஆட்டோக் காசுக்கு எங்கே போவது?

ஐயா, எங்கள் வாதம் இவ்வளவுதான். காது கேளாதவரைப் பார்த்து 'கேள்' என்றும், காலில்லாதவரைப் பார்த்து 'பாய்' என்றும் ஒரு பாதை சொல்லக்கூடாது. விலகக்கூடியவன்தான் விலக வேண்டும். நிற்கக்கூடியவன்தான் நிற்க வேண்டும். இதை ஏன் நாங்கள் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது?

4. சைக்கிளைத் தடைசெய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. முந்திய மனுவைப் பார்த்துவிட்டு யாரோ அப்படி ஒரு கதையைப் பரப்பிவிட்டார்கள். ஏ9 பெருவீதியில் பஸ்ஸும் டிப்பரும் ஓடுகிற ஓட்டத்தில் அங்கே போய்ப் பயிற்சி எடு என்று எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லமாட்டோம். அவர்கள் கட்டுக்கு ஏன் வருகிறார்கள் என்பதும் விளங்குகிறது. குறுக்குச் சந்தி இல்லை, நாய்த் தொல்லை இல்லை, வெயில் ஏறுமுன் குளத்துக் காற்று. நல்ல விளையாட்டு, குடியிலும் போதைத்தூளிலும் விழாமல் இருக்கிறார்கள், சந்தோசம். சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் 'மெதுவான சைக்கிளோட்டம்' வைக்கிறோம். கால் நிலத்தில் படாமல் கடைசியாக வருகிறவனுக்குத்தான் பரிசு. போன முறை பரிசு வாங்கியவன் இந்தக் கூட்டத்தில் ஓடுகிறவன்தான். ஆகவே மெதுவாக ஓடத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

5. எங்கே போனாலும் ஒரு கதவு. குளம் எங்களுடையது, அதில் போகிற ஆட்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறது ஒரு அலுவலகம். கட்டு எங்கள் வீதிப் பதிவேட்டில் இல்லை என்கிறது இன்னொன்று. இலக்கத் தகடு இல்லாத வாகனத்துக்கு எப்படி முறைப்பாடு எழுதுவது என்று மூன்றாவது இடத்தில் சிரித்தார்கள். சிரிக்கிற விடயமா இது? ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் இலக்கத் தகடு வாங்கித்தான் ஓடினோம், அது தெரிந்த வயதுள்ளவர் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. மூன்று இடத்தாரையும் ஒன்றாக இருத்திப் பேசவைக்கத் தங்களால் முடியும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு மூன்று பேரும் வருகிறார்கள், ஒரே மேசையில் தேநீர் குடிக்கிறார்கள். அங்கே ஐந்து நிமிடம் இதை எடுத்தால் போதும்.

6. நாங்கள் கேட்பவை:

கட்டின் இரண்டு முனையிலும், துருசடியிலும் பெரிய எழுத்தில் பலகை: 'நடப்பவருக்கு முதலிடம். ஆளைக் கண்டால் வேகத்தைக் குறை. காது கேளாதவர், கண் தெரியாதவர் இருக்கலாம்.' பலகைக்கும் தூணுக்கும் மரம் நாங்களே தருகிறோம்.

வளைவில் பற்றை வெட்ட அனுமதி. ஆம், அனுமதிதான். சிரமதானம் செய்யப் போனபோது கட்டில் மண்வெட்டி வைக்கக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டின் பாதுகாப்புக்காகச் சொல்வது சரி, விளங்குகிறது. அப்படியானால் வெட்டத் தெரிந்தவர்களை அனுப்புங்கள்.

ஓரக் கிரவலை இறுக்கித் தரவேண்டும். வேகத்தடை போடச் சொல்லிக் கேட்கவில்லை. மழைநீர் தேங்கிக் கட்டை அரிக்கும் என்பதும், லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) தடக்கும் என்பதும் கமக்காரருக்குத் தெரியும். வளைவுக்கு முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு மரத்தூண் நட்டால் சைக்கிள் தானாக மெதுவாகும். ஆனால் கையால் சுற்றி ஓடுகிற மூன்றுசில்லு வண்டி தடையில்லாமல் போகிற அகலம் விட்டு நடவேண்டும். அளவெடுக்கிறபோது அந்த வண்டி வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் வந்து ஓடிக் காட்டுவார்.

காலை கிளினிக் நேரத்திலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் கட்டில் கூட்டமாக ஓடுவதில்லை என்று சைக்கிள் கழகத்தாரைத் தங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வையுங்கள். நாங்கள் கூப்பிட்டால் வரமாட்டார்கள், தாங்கள் கூப்பிட்டால் வருவார்கள். மணியும் விளக்கும் இல்லாமல் கட்டில் ஏறுவதில்லை என்பதையும் அதிலேயே சேர்க்கலாம். அந்தச் செயலியில் ஒரு பாதையை 'ஆபத்தானது' என்று குறித்துவிட்டால் அங்கே வேகப் பட்டியலும் இல்லை, கிரீடமும் இல்லை என்று எங்கள் பிள்ளை ஒன்று பார்த்துச் சொல்கிறது. அதைக் கழகத்தாரே செய்யட்டும். அரசாங்கக் காசு ஒரு சதமும் தேவையில்லை.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த நியாயமும் இல்லை. இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட அனுமதித்தபோதே, நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் நாட்டிலும் அங்கவீனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாமல் நாங்கள் கஷ்டப்படவில்லை ஐயா. பலகை ஒன்று இல்லாமல்தான் கஷ்டப்படுகிறோம்.

தங்கள் வேலைப்பளு தெரியும். யானை வேலி, வீட்டுத்திட்டம், காணிப் பிணக்கு எல்லாவற்றுக்கும் நடுவில் சைக்கிள் விடயம் சின்னதாகத் தெரியலாம். ஆனாலும் மன்றாட்டமாகக் கேட்கிறோம், மாரி தொடங்கிக் கீழ்ப்பாதை மூடப்படுவதற்கு முன்னர் இதைச் செய்து தாருங்கள். மூடிய பிறகு எல்லோரும் கட்டில்தான். ஒருமுறை விடியற்காலையில் துருசடிக்கு வாருங்கள், உத்தியோகத்தரை அனுப்பாமல் தாங்களே வாருங்கள். இதற்கும் பதில் இல்லையென்றால், முன்னைய மனுக்களுக்கு என்ன நடந்தது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்போம். மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். எங்களுக்கு ஒரு பதில் வேண்டும்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
கிராம மக்கள் சார்பாக

செயலாளர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்
தலைவர், கமக்காரர் அமைப்பு

இணைப்பு: ஒப்பமிட்டவர்களின் பட்டியல் (கைநாட்டு இட்டவர்கள் தனித்தாளில்), முன்னைய மனுக்களின் பிரதிகள், துருசடி வளைவின் படங்கள்.