நூல் கோக்காத மிஷின்

மதுரை
6-7-2020

மாப்ளே,

ஃபோன்லயே பேசியிருக்கலாம். ஒத்த ரூம் வீட்டுல நாலு பேர், எந்த மூலையில நின்னு பேசினாலும் அடுப்படிக்குக் கேக்கும். அதான் பழையபடி பேனாவ எடுத்துட்டேன். போடிக்கு இது எப்ப வந்து சேருமோ தெரியல. கவரை ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டுத்தான் பிரிப்பேன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

இங்க போன மாசம் 24-ல இருந்து மறுபடியும் முழு ஊரடங்கு. நேத்தோட முடியுதுன்னாங்க, இப்ப 12 வரைக்கும் நீட்டிட்டாங்க. எங்க தெருமுனையில தகரம் அடிச்சாச்சு.

தொழில் கதை உனக்குத் தெரியும். மாசியிலயே, சித்திரைத் திருவிழாவுல பக்தருங்க போடுற அழகர் வேஷத்துக்குத் துணி வெட்டிட்டேன். சிவப்பு வெல்வெட்டு, ஜரிகை, சம்கி, அம்புட்டும் கடன். மார்ச்சுல 21 நாள் ஊரடங்குன்னப்பகூட, சித்திரை ரெண்டுக்குப் புதுமண்டபத்துல தையக்கடையத் தொறந்துரலாம்னுதான் நெனச்சேன். மே 4-ல மீனாட்சி கல்யாணத்த வீட்டுல உக்காந்து பாத்தோம். உன் தங்கச்சி டிவி முன்னாடியே தாலிக்கயிறு மாத்திக்கிட்டா. அழகர் ஆத்துல எறங்கல. 63 ஜோடி சல்லடக் கால்சட்டையும் உருமாத் தலைப்பாகையும் சாக்குல கட்டி கட்டிலுக்கு அடியில கெடக்கு. அதுக்கு மேலதான் நான் படுக்குறேன்.

படுக்குறதோட சரி, தூக்கமில்ல. ராத்திரி ரெண்டரை மணிக்கு நெஞ்சு தடதடன்னு அடிக்கும், விரல் நுனி மரத்துப்போகும். கொரோனாதான்னு எந்திரிச்சு காபித்தூள் டப்பாவ மோந்து பாப்பேன். வாசம் வந்தா அஞ்சு நிமிஷம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் டப்பா.

மாஸ்க் தைக்கலாம்னு ஒரு மிஷின வீட்டுக்குக் கொண்டாந்திருந்தேன். ஒருநாள் ராத்திரி அதுல உக்காந்து மிதிச்சுக்கிட்டிருக்கேன். உன் தங்கச்சி எந்திரிச்சு வந்து, "எத்தன ஆச்சு?"ன்னு கேட்டா. குனிஞ்சு பாத்தா ஊசியில நூலே கோக்கல, துணியும் வைக்கல. எவ்வளவு நேரமா மிதிச்சேன்னு எனக்கே தெரியல. அவ ஒண்ணும் சொல்லல, லைட்ட அணைச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டா.

மறுநாள் டாக்டர்கிட்ட போனேன். ஈசிஜி நல்லாத்தான் இருந்துச்சு. மனநல டாக்டரப் பாருன்னு அனுப்பிட்டாரு. அந்தம்மா பொறுமையா சொன்னாங்க: பயத்துல மூச்ச வேகவேகமா விட்டா ரத்தத்துல கரியமிலவாயு குறையுமாம், விரல் மரத்துப்போறது அதனாலதானாம். இழுக்குறதவிட மெதுவா மூச்ச விடணும், தினமும் ஒரே நேரத்துக்கு எந்திரிக்கணும், சாயங்காலம் டிவியில வர்ற அந்த கொரோனா எண்ணிக்கையப் பாக்கவே கூடாது. கடைசியா சொன்னதுதான் கஷ்டம். மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகுமாம். இன்னைக்கு ஒம்போதாவது நாள்.

இதுக்காக மட்டும் எழுதல மாப்ளே. நீ கடைய மூடிட்டு ஆறு மாசம் வெளிய வராம கெடந்தியே, அப்ப நான் வந்து, "வேலை இல்லாதவனுக்குத்தான்டா இதெல்லாம் வரும்"னு சொன்னேன். நீ பாதி டீயோட கிளாஸ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்ட. எனக்கு அது மறந்தே போச்சு. போன வாரம் என் மச்சினன் ஃபோன்ல, "நாலு மாஸ்க் சேத்துத் தைங்க மாமா, எல்லாம் சரியாப்போகும்"னான். உடனே அந்த டீ கிளாஸ் ஞாபகம் வந்துருச்சு. மன்னிச்சுருன்னு எழுத ஒரு மாதிரியாத்தான் இருக்கு, ஆனாலும் எழுதிட்டேன்.

மாத்திரை அட்டைய டேப்பு, கத்திரி இருக்குற டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். கேஸ் மாத்திரைன்னு உன் தங்கச்சிகிட்ட பொய் சொல்லியிருக்கேன். அவ நம்பலன்னு நெனக்கிறேன். நீ உன் வீட்டுல எப்படிடா சொன்ன? முதல்ல என்னன்னு ஆரம்பிச்ச? அத மட்டும் எழுது.

உன்
புதுமண்டபத்து மாப்ள