துபாயிலிருந்து சேரன்மகாதேவிக்கு: உள்பூச்சு பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். அங்கே அம்மாவும் சித்தியும் பிள்ளைகளும் சுகம்தானே? மாடி கான்கிரீட் போட்டு முட்டு பிரித்தாச்சு, அடுத்து உள்பூச்சுதான் என்று தம்பி போனில் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து கை துறுதுறுக்கிறது.

சோனாப்பூர் கேம்பில் ஒரு ரூமுக்கு ஆறு பேர். விடியுமுன்னே பஸ் வந்துவிடும். சாப்பாட்டுக்குக் குறையில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-இலிருந்து 3 மணிவரை வெயிலில் ஆளை வேலை வாங்கக்கூடாது என்பது இங்கே சட்டம். நாங்கள் கூரைக்குக் கீழே பூசுகிறவர்கள், அந்த ஓய்வு எங்களுக்குக் கிடையாது. கண்ணாடி மாட்டாத ஜன்னல் வழியாக அனல் காற்று வந்து, பூசுகிற பூச்சை ஒருபக்கம் உலர்த்திக்கொண்டே இருக்கும்.

நான் இருக்கிற கட்டடத்தில் உள்சுவருக்கு ஜிப்சம்தான். மணல் சலிக்கிற வேலையே இல்லை. வாளியில் முதலில் தண்ணீர், அதன்மேல்தான் பவுடர். வாளியில் பழைய கலவை ஒரு துளி ஒட்டியிருந்தாலும் புதுக்கலவை சீக்கிரம் இறுகிவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் கழுவியாக வேண்டும். கலக்கிய அரை மணிக்குள் சுவரில் ஏற்றி, அலுமினியக் கட்டையால் இழுத்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றிக் கிண்டினால் அது தேறாது, கொட்ட வேண்டியதுதான்.

வழவழப்பு வருவது அதற்குப் பிறகு. விரலை வைத்தால் தடம் விழ வேண்டும், மாவு விரலில் ஒட்டக்கூடாது. கரணை போட வேண்டிய பதம் அதுதான். அதற்கு முன்னால் தொட்டால் கரணை அலை அலையாக இழுக்கும், தாமதித்தால் சுவர் கறுத்துத் தேயும். எங்கள் உஸ்தாத், பாகிஸ்தான்காரர், அந்த நேரத்தில் பேசவே மாட்டார். சும்மா நின்று சுவரையே பார்ப்பார். சட்டென்று தண்ணீர் தெளித்து, கரணையைச் சற்றே சாய்த்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சுவர் பளிங்கு மாதிரி நிற்கும். சாயங்காலம் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்போம். பகலில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக விழும்.

நம் வீட்டுக்கு ஜிப்சம் வேண்டாம் சித்தப்பா. நீர் பட்டுக்கொண்டே இருந்தால் அது இளகிப் போகும். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் ஊர்ச் சுவர் அடியிலிருந்து ஓதம் ஏறுவது உங்களுக்குத் தெரியாததா? சிமெண்டுப் பூச்சே போதும். கரணை பிடிக்கக் கற்றுத் தந்ததே நீங்கள், உங்களுக்கு நான் சொல்வது அதிகம்தான். ஆனாலும் அம்மா இருக்கப்போகிற வீடு, மனசு கேட்கவில்லை.

நல்லகண்ணு ஐயா வழக்கு நடத்தி, 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ள ஹைகோர்ட் தடை போட்டது பெரிய காரியம். ஆறு நமக்கு வேண்டும். அதனால் பூச்சுக்கென்று கல்லை நைசாக அரைத்து வருகிற பி-சாண்டே வாங்குங்கள், கான்கிரீட்டுக்கு வந்த கொரகொரப்பான எம்-சாண்டில் மீந்ததைச் சலித்துப் பூச விடாதீர்கள். தூணும் செங்கலும் சேருகிற இடத்தில் கம்பி வலை அடித்தபிறகுதான் பூச வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். கரண்ட் பைப்புக்குக் காடி வெட்டுவதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கட்டும்.

முக்கியமானது ஒன்று. வழவழப்புக்காக ஈரச்சுவரில் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்க்கிறார்களே, அதை நம் வீட்டில் அனுமதிக்கவே கூடாது. மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கி, மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும். மணியாஸ் கட்டையால், அந்தக் கைப்பிடி வைத்த தேய்ப்புப் பலகையால், மட்டமாகத் தேய்த்து விடச் சொல்லுங்கள். வழவழப்பு பின்னால் பட்டி பார்க்கும்போது வரட்டும். ஜிப்சத்தைக் காயவிட வேண்டும், சிமெண்டு அப்படியில்லை. ஏழு நாளாவது சுவர் ஈரம் காயாமல் தண்ணீர் அடிக்க வேண்டும். தம்பியிடம் விட்டால் இரண்டாம் நாளே மறந்துவிடுவான். சித்தியிடம் சொல்லி வையுங்கள்.

வலைக்கும் பி-சாண்டுக்கும் தனியாகப் பணம் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அன்றைக்குக் கூப்பிடுங்கள். ஹாலில் எந்தச் சுவரில் முதலில் கை வைப்பது என்று பேசிக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்