அந்தப் படத்தில் நான் இல்லை, கண்ணு

அன்புள்ள தம்பிக்கு,

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நான் போட்ட படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார். இரும்புக் கம்பியால் கூம்பு மாதிரி ஒன்று நிற்கிறதே, அதுதான் மொராக்கோவில் இருக்கும் தூப்கால் உச்சி, 4,167 மீட்டர், வட ஆப்பிரிக்காவிலேயே உயரமானது. அதைச் சுற்றி நிற்பவர்களை எண்ணு. ஏழு பேர் இருப்பார்கள். எங்கள் குழுவில் எட்டுப் பேர். அந்த எட்டாவது ஆள் கீழே மலைவிடுதியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தான். உன் அப்பன்தான்.

நான் பொய் சொல்லவில்லை, "எங்கள் குழு உச்சியில்" என்று மட்டும்தான் போட்டேன். ஆனால் உன் சித்தப்பா அதை எடுத்து ஸ்டேட்டஸில் வைத்து, "63 வயதில் அண்ணன் சாதனை" என்று எழுதி, அதற்கு நாற்பது பேர் கை கூப்பி, அப்புறம் எங்கே போய்த் திருத்துவது? வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். உன்னிடம் அப்படி இருக்க முடியவில்லை. நீ முனிச்சிலிருந்து மராக்கேஷுக்கு வந்து என்னோடு சேர்வதாகத்தானே பேச்சு, உனக்கு வேலையில் சிக்கல் வந்தது, கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள், சரி, நாம் மட்டும் போவோம் என்று கிளம்பிவிட்டேன். இருபது வருஷமாக வெள்ளியங்கிரி ஏறுகிறவனுக்கு இது என்ன பெரிய மலை என்ற நினைப்பு. அந்த நினைப்புக்குத்தான் அடி விழுந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். மராக்கேஷிலிருந்து வேனில் ஒன்றரை மணி நேரம் போனால் இம்லில் என்று ஒரு ஊர், 1,740 மீட்டரில் இருக்கிறது. வால்நட் மரமும் ஆப்பிள் தோட்டமுமாக நம் ஊட்டிப் பக்கத்துக் கிராமம் மாதிரிதான், ஆனால் மரம் தாண்டிப் பார்த்தால் மலை மொட்டையாக, துருப்பிடித்த நிறத்தில் நிற்கிறது. 2023 செப்டம்பரில் வந்த நிலநடுக்கத்தில் அந்தப் பக்கத்து ஊர்கள் நிறைய இடிந்தன, கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் இறந்துபோனார்கள். எங்களோடு வந்த உதவி வழிகாட்டிப் பையன் கைகாட்டிக் காட்டினான், அந்தச் சுவர் எங்கள் வீடு, அதற்குப் பக்கத்திலேயே கூடாரத்தில் இருந்தோம் என்று. வழிகாட்டி இல்லாமல் அங்கே யாரையும் மலைக்கு விடுவதில்லை, வழியில் போலீஸ் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். மூட்டைகளைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிவிடுகிறார்கள், நம் முதுகில் தண்ணீரும் சட்டையும் மட்டும்தான். எனக்கு அது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, பூண்டியில் வாங்கின மூங்கில் தடியும் தோளில் பையுமாக ஏறிப் பழகினவன் இல்லையா.

அந்தப் பையன்கள் எல்லோரும் என்னை "ஹாஜி, ஹாஜி" என்றுதான் கூப்பிட்டார்கள். வயசானவரை மரியாதையாகக் கூப்பிடும் வார்த்தை அது, மெக்காவுக்குப் போனீர்களா என்றெல்லாம் கேட்பதில்லை. மருதமலைக்குக் கிருத்திகை தவறாமல் போகிறவன் ஒரு வாரம் ஹாஜியாக இருந்தேன், அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள்.

2,300 மீட்டர் வாக்கில் ஒரு பெரிய பாறை, வெள்ளை அடித்தது, அதற்குக் கீழே சிதி ஷம்ஹரூஷ் என்கிற சன்னதி. ஜின்களின் ராஜாவாம். மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிவந்து அங்கே தங்கவைக்கிறார்கள். நம் ஏர்வாடி தர்கா கதைதான். முஸ்லிம் இல்லாதவர்கள் உள்ளே போகக்கூடாது என்பதால் பாலத்துக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து ஆரஞ்சு ஜூஸ் குடித்தேன். ஒரு அம்மா தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாறையை நோக்கி நடந்துபோனாள். அவனுக்கு உன் வயசுதான் இருக்கும். அவள் ஒரு தடவைகூடக் கையை விடவில்லை.

இனிமேல்தான் தப்பு. அன்றைக்குச் சாயங்காலமே 3,207 மீட்டரில் இருக்கும் மலைவிடுதிக்குப் போய்ப் படுத்தாயிற்று. காலையில் 1,740, ராத்திரி 3,207. ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் போனால் படுக்கிற உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பதுதான் மலை ஏறுகிறவர்களின் கணக்கு, இதெல்லாம் வந்த பிறகு படித்தேன். பயணத்தை விற்றவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஒரு நாள் கூடினால் விலை கூடும், விலை கூடினால் ஆள் குறையும். அவர்கள் பெயரை இழுக்க வேண்டாம், படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். நீ எப்போதாவது போவதானால் இம்லிலிலோ அதற்கு மேல் இருக்கும் அரூம்த் கிராமத்திலோ ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கிவிட்டுப் போ. வெள்ளியங்கிரியில் கால்தான் வலிக்கும், தலை வலிக்காது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

விடுதியில் அடுக்குக் கட்டில். ஒரு அறையில் பதினைந்து பேருக்கு மேல், அதில் ஐந்து பேர் குறட்டை. தூக்கமே இல்லை. புரட்டாசி என்பதால் எனக்குத் தினமும் காய்கறி தாஜின்தான், மண்சட்டியில் வேகவைக்கும் அந்த ஊர்க் குழம்பு, அதையும் அன்றைக்குப் பாதியில் வைத்துவிட்டேன், பசி செத்துப்போவதும் ஒரு அறிகுறியாம். விடிகாலை நாலரைக்கு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். முதலில் பாறை, அப்புறம் முழுக்கச் சல்லி. இரண்டடி வைத்தால் ஒரு அடி சறுக்கிவிடும். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் நம் கோவையில் இருப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். கணவாய்க்குக் கொஞ்சம் கீழே, வாட்ச்சில் 3,912 காட்டியபோது, வயிற்றைப் பிரட்டி வாந்தி. மண்டைக்குள் யாரோ அம்மியில் அரைப்பது மாதிரி வலி. கிழக்கே விடிந்துகொண்டிருந்தது, சொன்னால் நம்பமாட்டாய், எவ்வளவு அழகு என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

எனக்குப் பயம் மலை மேல் இல்லை தம்பி. என்னால் மற்ற ஏழு பேரும் திரும்ப வேண்டிவருமோ என்பதுதான். எல்லோரும் காசும் லீவும் செலவு பண்ணி வந்தவர்கள், அயர்லாந்திலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர், போலந்துக்காரப் பையன் ஒருத்தன், புதுசாகக் கல்யாணமான டச்சு ஜோடி ஒன்று, இப்படி. ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று அதனால்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன், மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்வதற்குள் மூத்த வழிகாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஹாஜி, மலை நாளைக்கும் இங்கேதான் இருக்கும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. உதவிப் பையன் என்னோடு இறங்கினான், மற்றவர்கள் ஏறினார்கள். முந்நூறு மீட்டர் இறங்குவதற்குள் வலி பாதியாகிவிட்டது, விடுதிக்கு வந்தபோது பசியே எடுத்தது. அவ்வளவுதான் வைத்தியம். அந்த உச்சிக்கு இன்னும் 255 மீட்டர்தான் பாக்கி இருந்தது என்று விடுதியில் உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. நீ இருந்திருந்தால் உன்னையும் இறக்கிக் கூட்டி வந்திருப்பேன் என்று தோன்றியதும் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் பாலைவனம் நோக்கிப் பயணம். டிஷ்கா கணவாயைத் தாண்டவேண்டும், 2,260 மீட்டர், நம் ஊட்டி உயரம், அதே மாதிரி கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பக்கமெல்லாம் பச்சை, தாண்டி இறங்கினால் வறட்சி. பாலக்காட்டுப் பக்கம் மழையை எல்லாம் மலை பிடித்துக்கொண்டு நமக்கு மிச்சத்தை அனுப்புகிறதே, அதே வேலைதான் அங்கே அட்லஸ் மலைத்தொடர் பார்க்கிறது. அப்புறம் திரா ஆற்றை ஒட்டியே நாள் முழுக்க, இரண்டு பக்கமும் பேரீச்சந்தோப்பு, மண் கோட்டைகள். மொராக்கோவின் நீளமான ஆறு அதுதான், ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர், ஆனால் பெரும்பாலும் கடல் போய்ச் சேர்வதில்லை, மணலிலேயே வற்றிவிடுகிறது. நொய்யலை நினைத்துக்கொண்டேன். நொய்யலாவது எங்கேயோ காவிரியில் போய்ச் சேர்கிறது, கறுப்பாக என்றாலும்.

மஹாமித் என்கிற ஊரோடு தார் ரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஜீப்பில் ஐம்பது அறுபது கிலோமீட்டர், அதில் முக்கால்வாசி மணலே இல்லை, வெறும் கருங்கல் பொட்டல். சகாராவே அப்படித்தானாம், நாலில் ஒரு பங்குதான் மணல். கடைசியில் ஷிகாகா மணல்மேடுகள் எழுந்து நின்றபோது வண்டியில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இங்கேதான் உன் அப்பனுக்கு மரியாதை திரும்பியது. ஆளுக்கு ஒரு நீலத்துணி கொடுத்துத் தலையில் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள், நான் என் தேங்காய்ப்பூத் துண்டை எடுத்து உருமால் கட்டினேன். ஒட்டகக்காரர் பார்த்துவிட்டுக் கை தட்டினார். வெயிலில் அந்த டச்சுப் பையன் சுருண்டுவிட்டான், தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து நான்தான் கொடுத்தேன். மலையில் என் பையைத் தூக்கிவந்த அதே பையன். ஒட்டகத்தில் ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்தேன், இடுப்பு போய்விடும் போல இருந்தது, இறங்கி அதன் பக்கத்திலேயே நடந்தேன். உனக்கு ஒட்டகச் சவாரிப் படம் வேண்டுமென்றால் அந்தக் கால்மணி நேரத்தில் எடுத்ததுதான்.

சாயங்காலம் தணலையும் மணலையும் தள்ளி, மாவை உள்ளே வைத்து மூடி ரொட்டி சுட்டார்கள். தட்டி எடுத்தால் மணல் ஒட்டவில்லை. ராத்திரி கூடாரத்துக்குள் படுக்கவில்லை, பாயை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டேன். நிலா இல்லாத ராத்திரி. துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்தேன். கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, அடிவானத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று முஷ்டி உயரத்தில் இருந்தது. ஒரு முஷ்டி பத்து டிகிரி, அந்த இடம் கிட்டத்தட்ட முப்பதாவது அட்சரேகை, சரியாக இருந்தது. நம் ஊரில் ஒரு முஷ்டிதான், அதையும் மாடியில் நின்றால் புகை மறைத்துவிடும். உன் முனிச்சில் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி இருக்கவேண்டும். மேகமில்லாத நாளில் வெளியே போய் வைத்துப் பார், குறைந்தால் எழுது.

உன் ஜாக்கெட் என்னிடம்தான் இருக்கிறது, நீ வாங்கி அனுப்பியது. துவைக்கக் கொடுக்கவில்லை, பாக்கெட்டில் மணல் இருக்கிறது, கொட்ட மனசு வரவில்லை. மாசியில் லீவு கிடைத்தால் வா, பூண்டியில் ஆளுக்கொரு தடி வாங்கிக்கொண்டு ஏறுவோம், கைதட்டிச் சுனையில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் உச்சி விஷயத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். சித்தப்பாவிடம் இப்போதைக்கு வேண்டாம், தீபாவளி கழியட்டும்.

அப்பா