நட்டு போல்ட்டுக்கு ஏன் இவ்வளவு நேரம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"மெஷின் டிசைனுக்குக் காசு கேட்கிறீர்கள், சரி. போல்ட், பேரிங்கின் கம்ப்யூட்டர் மாடலெல்லாம் நெட்டிலேயே ரெடியாகக் கிடைக்கிறதே, அதற்கு எதற்குத் தனியாக நாள் கணக்கு?" என்று போன மாதம் இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆரம்பத்தில் நாங்களும் அப்படித்தான் கிடைத்ததை எடுத்துப் போட்டோம். ஒரு ஃபிக்சரின் (வேலைப் பொருளைப் பிடித்து வைக்கும் சாதனம்) பேஸ் பிளேட்டில், போல்ட் தலை சுற்றாமல் இருக்க 16.2 மி.மீ. அகலத்தில் ஸ்லாட் கொடுத்திருந்தோம். மாடலில் இருந்த எம்10 (10 மி.மீ. மரை) போல்ட், ஐஎஸ்ஓ 4017 என்ற சர்வதேசத் தரத்தில் இருந்தது; அதன் அறுகோணத் தலை 16 மி.மீ. கடையிலிருந்து வந்ததோ டிஐஎன் 933 என்ற பழைய ஜெர்மன் தரம். தலை 17 மி.மீ. ஒன்றுகூட ஸ்லாட்டில் இறங்கவில்லை. பிளேட் ஹார்டனிங் (சூடாக்கிக் கடினமாக்குவது) முடிந்து வந்திருந்ததால் கிரைண்டிங் போட்டு அகலப்படுத்த வேண்டியதாயிற்று. தவறு எங்களுடையது, செலவையும் நாங்களே ஏற்றோம்.

எம்8, எம்16 போல்ட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை; இரண்டு தரத்திலும் தலை அளவு ஒன்றுதான். எம்10, எம்12, எம்14-இல் பழைய டிஐஎன் தலை 1 மி.மீ. பெரியது. எம்22-இல் அப்படியே தலைகீழ், ஐஎஸ்ஓ தலைதான் 2 மி.மீ. பெரியது. ஸ்கிரீனில் பார்த்தால் எல்லாம் ஒரே போல்ட்டாகத்தான் தெரியும்.

அதற்கப்புறம்தான் எங்களுக்கென்று ஒரு பார்ட் மாடல் லைப்ரரி கட்டினோம். தர எண்ணைப் பார்த்து அளவு சரிபார்க்காத எந்தப் பார்ட்டும் அதற்குள் போகாது. இப்போது எம்8 ஆலன் போல்ட் (உருளைத் தலையில் அறுகோணக் குழி உள்ளது) ஒன்றை எடுத்து வைத்தால் அதற்கான 9 மி.மீ. துளையும், 13 மி.மீ. தலை உட்கார 15 மி.மீ. கவுண்டர்போரும் (தலை புதையும் அகலக் குழி) கூடவே வந்துவிடும். மரையை மாடலில் முழுதாக வெட்டுவதில்லை, குறியீடாக மட்டும் காட்டுகிறோம். இருநூறு போல்ட்டுக்கு நிஜ மரை போட்டால் உங்கள் கம்ப்யூட்டரில் அசெம்பிளி திறக்கவே திணறும்.

பேரிங்கில் இன்னும் கவனம் தேவை. 6205 என்ற பேரிங் எண் என்றால் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ. என்று எல்லாருக்கும் தெரியும். அதன் மூலை வளைவு குறைந்தது 1 மி.மீ. ஷாஃப்ட் தோளில் (பேரிங் முட்டி நிற்கும் படி) கொடுக்கும் ரேடியஸ் அதைவிடச் சிறியதாக இல்லையென்றால் பேரிங் தோளை ஒட்டி உட்காராது. நெட்டில் எடுக்கும் மாடல்கள் பலவற்றில் இந்த மூலையை வெறும் சதுரமாக விட்டிருப்பார்கள். ஆகவே ஒவ்வொன்றையும் கேட்டலாக்கோடு ஒப்பிட்டுத்தான் சேர்க்கிறோம். நீங்கள் கேட்ட அந்த நேரம் இங்கேதான் போகிறது.

இன்னொரு விஷயம். லைப்ரரியோடு இணைப்பு விட்டுப்போன ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால், சில சாப்ட்வேர்களில் போல்ட் அளவே மாறித் தெரியும். அதனால் இனி எல்லாப் பார்ட்டுகளையும் சேர்த்துக் கட்டிய ஃபைலோடு, லைப்ரரி இணைப்பு தேவைப்படாத பொது வடிவமான ஸ்டெப் ஃபைல் ஒன்றும் அனுப்புவோம். சந்தேகம் வந்தால் ஸ்டெப் ஃபைலைப் பாருங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஸ்டோர்ஸில் எந்தெந்த போல்ட், பேரிங், சீல் இருக்கின்றன, அவற்றுக்கு நீங்கள் வைத்திருக்கும் கோடு நம்பர் என்ன என்று ஒரு பட்டியல் அனுப்புங்கள். கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். எம்10, எம்12 போல்ட் தலையை மட்டும் வெர்னியரில் அளந்து எழுதிவிடுங்கள். அடுத்த டிராயிங்கிலிருந்து பார்ட் லிஸ்ட்டில் உங்கள் கோடு நம்பரே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டிசைன் அலுவலகம்